வாயில்லாப் பிராணி வழங்கும் கொடை

"தாயைப் போலப் பிள்ளை, நூலைப் போலச் சேலை" என்று நம் முன்னோர் கூறி வைத்தனர். மணமகள் தேடும் வீட்டாருக்கு மாத்திரமன்றி, கறவைப் பசு வாங்குவோர்க்கும் நாய்க்குட்டி வாங்குவோர்க்கும் இம்மொழி பொருந்தும். குட்டி ஒன்றைக் கையில் எடுத்தவுடன், "தாய் எது, தகப்பன் எது?" என்றே முதலில் கேட்கிறோம். தாயின் நிறமும் தகப்பனின் துணிவும் குட்டிக்கு வரும் என்ற நம்பிக்கையே அக்கேள்விக்குக் காரணம். ஆயினும் பெற்றோரிடமிருந்து குட்டி பெறும் முதுசொத்தில் நல்லன மட்டுமே அடங்கியிருப்பதில்லை. நான்கு வயதில் கண்ணொளி மங்குவதும், எட்டு ஒன்பது வயதில் பின்னங்கால்கள் தளர்ந்து போவதும், பிறவியிலேயே செவி கேளாதிருப்பதும் அச்சொத்திற் சேர்ந்திருக்கலாம்.

இத்தகைய பரம்பரை நோய்களின் வேரைத் தேடி இன்று உலகின் பல பாகங்களிலும் விஞ்ஞானிகள் உழைத்து வருகின்றனர். அவ்வுழைப்புக்கு வேண்டிய மூலப்பொருளை வழங்குவோர் பெருஞ் செல்வரோ அரசினரோ அல்லர். வீட்டில் நாய் வளர்க்கும் சாதாரண குடும்பத்தவரே அவர்கள். தங்கள் நாயின் ஒரு சிறு குழாய் இரத்தத்தையோ, அதன் கன்னத்தின் உட்புறத்தைத் தடவி எடுத்த உமிழ்நீரையோ அவர்கள் ஆராய்ச்சிக்கு வழங்குகின்றனர். இக்கொடையினால் விளைந்த நன்மைகள் யாவை, கொடுப்போர் மனத்தில் எழும் தயக்கங்கள் யாவை, மலைநாட்டில் வாழும் நமக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்பவற்றை இவ்வாரம் சற்றே ஆராய்வோம்.

இறம்பொடை வழியே ஏறிய வேட்டை நாய்கள்

கண்டியிலிருந்து நுவரெலியாவுக்குச் செல்லும் பழைய பாதை இறம்பொடைக் கணவாயைக் கடந்தே மேலேறுகின்றது. இன்று அருவியின் ஓசையும், ஆஞ்சநேயர் கோயில் மணியோசையும், கீழே கொத்மலை நீர்த்தேக்கத்தின் தோற்றமும் பஸ்ஸில் வருவோரைக் கவர்கின்றன. ஏறத்தாழ நூற்றெழுபத்தைந்து ஆண்டுகளுக்கு முன், 1848ஆம் ஆண்டளவில், சாமுவேல் பேக்கர் என்னும் ஆங்கிலேயர் நுவரெலியாவில் குடியேறினார். இங்கிலாந்திலிருந்து கப்பலேற்றிக் கொணர்ந்த மாடுகளும் ஆடுகளும் வேட்டை நாய்க்கூட்டமும் அவருடன் இம்மலைக்கு வந்தன. பிற்காலத்தில் நைல் நதியின் ஊற்றுக்களைத் தேடிச் சென்று புகழ் பெற்றவர் அவரே. மலைக்காடுகளில் மரை வேட்டையாடுவதற்கென அவர் நாய்களைத் தேர்ந்து, ஒன்றோடொன்று கலந்து, தமக்கு வேண்டிய குணமுடைய குட்டிகளைப் பெற முயன்றார்.

பேக்கருக்குப் பின் வந்த தோட்டத் துரைமாரும் அவ்வழக்கத்தைக் கைவிடவில்லை. பங்களா வாசலில் அல்சேஷனும் லாப்ரடோரும் டல்மேஷியனும் படுத்திருந்தன. அவற்றின் பாட்டன், முப்பாட்டன் பெயர்களையெல்லாம் எழுதிய மரபுத் தாள் பங்களா மேசையில் இருந்தது. சிறிது தூரத்தில் லயத்துத் திண்ணையில் மணியும் டைகரும் ஜிம்மியும் படுத்திருந்தன. அவற்றுக்குத் தாளும் இல்லை. தகப்பன் யாரென்பதும் தெரியாது. துரைமார் போய்விட்டனர். ஆனால் அவ்விரு வகை நாய்களும் இம்மலைகளில் இன்றும் உள்ளன. சாதி நாய்க்குட்டிகளை இப்பொழுது நுவரெலியாவிலும் ஹற்றனிலும் நம்மவர் பணம் கொடுத்து வாங்குகின்றனர். ஆராய்ச்சியாளருக்கு இவ்விரு வகையும் வேண்டும் என்பதைப் பின்னர் காண்போம்.

தூய இரத்தத்துக்குக் கொடுக்கும் விலை

மனிதனோடு நாய் வாழத் தொடங்கிப் பதினையாயிரம் ஆண்டுகளுக்கு மேலாகின்றது. ஆயினும் இன்று நாம் காணும் சாதி நாய்களுட் பெரும்பாலானவை கடந்த இருநூறு ஆண்டுகளுக்குள் உருவாக்கப்பட்டவையே. 1873இல் இலண்டனில் நாய் வளர்ப்போர் கழகம் தோன்றியது. ஒவ்வொரு சாதிக்கும் பதிவேடு வைக்கும் முறை அதன் பின் வேரூன்றியது. பதிவேட்டிலுள்ள நாய்க்கும் பதிவேட்டிலுள்ள நாய்க்கும் பிறந்த குட்டியே தூயது எனப்பட்டது. கண்காட்சியில் பரிசு பெற்ற ஒரு கடுவனைத் தேடி எல்லோரும் தங்கள் பெட்டை நாய்களைக் கொண்டு சென்றனர். சில தலைமுறைகளில் அச்சாதி நாய்கள் அனைத்தும் ஒன்றுக்கொன்று நெருங்கிய உறவாகிவிட்டன.

இதனால் நேரும் ஆபத்தை மலைநாட்டவருக்கு நெடிது விளக்க வேண்டியதில்லை. 1869இல் இலங்கைக் கோப்பித் தோட்டங்களில் இலைத்துரு நோய் தென்பட்டது. நாடெங்கும் ஒரே இனக் கோப்பி பயிரிடப்பட்டிருந்தமையால், ஒரு செடியை வீழ்த்திய நோய் எல்லாச் செடிகளையும் வீழ்த்தியது. இருபது ஆண்டுகளுக்குள் கோப்பி அரசு முடிந்து தேயிலை அரசு தொடங்கியது. இன்று 'வீ. பீ.' தேயிலை மலைகளில் கொழுந்து பறிப்போர், ஒரு தாய்ச் செடியின் துண்டுகளிலிருந்து வளர்ந்த செடிகள் நிறத்திலும் வளர்ச்சியிலும் ஒன்றுபோலிருப்பதை நாள்தோறும் காண்கின்றனர். விளைச்சலில் ஒன்றுபோலிருப்பவை பலவீனத்திலும் ஒன்றுபோலவே இருக்கும். தலவாக்கலை தேயிலை ஆராய்ச்சி நிலையத்தார் ஒரே வகைச் செடியோடு நின்றுவிடாமல் பல வகைகளை உருவாக்கி வந்தமைக்கு இதுவும் ஒரு காரணம்.

நாயின் உடலிலுள்ள ஒவ்வொரு கலத்திலும் 39 சோடி நிறமூர்த்தங்கள் உள்ளன. மனிதருக்கு 23 சோடி. ஒவ்வொரு சோடியிலும் ஒன்று தாய் தந்தது. மற்றொன்று தகப்பன் தந்தது. எனவே ஒவ்வொரு பரம்பரையலகுக்கும் பெரும்பாலும் இரண்டு பிரதிகள் இருக்கும். ஒரு பிரதி பழுதுபட்டிருந்தாலும் மற்றது நன்றாயிருந்தால் பல நோய்கள் வெளிப்படா. அந்நாய் நலமாக ஓடியாடித் திரியும். ஆனால் பழுதான பிரதி அதன் உடலில் மறைந்திருக்கும். இவ்வாறு மறைத்துச் சுமக்கும் இரு நாய்கள் கூடினால், சராசரியாக நான்கு குட்டிகளில் ஒன்று இரண்டு பழுதான பிரதிகளையும் பெற்று நோயுறும். இரண்டு குட்டிகள் பெற்றோரைப் போலவே பழுதை மறைத்துச் சுமக்கும். எஞ்சிய ஒன்று முற்றும் நலமாயிருக்கும். உறவுக்குள் உறவாகக் குட்டி போடச் செய்யும்போது ஒரே பழுதைச் சுமக்கும் இரு நாய்கள் சந்திக்கும் வாய்ப்பு மிகுகின்றது. அவ்வளவே கணக்கு.

ஒரு துளி இரத்தம் கூறும் கதை

இக்கணக்கு முன்னரே தெரிந்திருந்தும், எந்த நாய் பழுதைச் சுமக்கின்றது என்று அறிய வழியில்லாதிருந்தது. 1940களில் இங்கிலாந்தில் ஐரிஷ் செற்றர் என்னும் அழகிய செந்நிற நாய்ச் சாதியில் விழித்திரை தேய்ந்து குருடாகும் நோய் பரவியது. ஐயத்துக்குரிய நாயைக் குருடான நாயுடன் சேர்த்து, பிறக்கும் குட்டிகளின் கண்கள் மங்குகின்றனவா என்று காத்திருந்து பார்ப்பதே அக்காலத்துச் சோதனை. ஓர் உண்மையை அறியப் பல குட்டிகள் கண்ணிழக்க வேண்டியிருந்தது. 1993இல் அந்நோய்க்குக் காரணமான பரம்பரையலகுப் பிழை கண்டுபிடிக்கப்பட்டது. அதன் பின் ஒரு துளி இரத்தமே போதுமானதாயிற்று.

2005ஆம் ஆண்டு டிசம்பரில் டாஷா என்னும் பொக்ஸர் சாதிப் பெட்டை நாயின் பரம்பரை எழுத்துக்கள் முழுவதும் வாசித்து வெளியிடப்பட்டன. ஏறத்தாழ 240 கோடி எழுத்துக்கள் கொண்ட பெருநூல் அது. ஒரு நாயின் நூல் கிடைத்துவிட்டால் மற்ற நாய்களின் நூல்களை அதனோடு ஒப்பிட்டு எழுத்துப் பிழைகளைக் காணலாம். ஆனால் ஒப்பிடுவதற்குப் பல்லாயிரம் நாய்கள் வேண்டுமே! அவற்றைக் கூண்டில் அடைத்து வளர்க்க யாரால் முடியும்? இங்கேதான் வீட்டுக்காரர்களின் கொடை இன்றியமையாததாகின்றது. அமெரிக்காவில் எலெய்ன் ஒஸ்ட்ராண்டர் என்னும் பெண் விஞ்ஞானியின் குழுவினர் நாய்க் கண்காட்சிகளுக்கே சென்று உரிமையாளரிடம் மாதிரிகள் பெற்றனர். பின்லாந்தில் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹன்னஸ் லோகி பல பத்தாயிரம் வீட்டு நாய்களின் மாதிரிகளைச் சேர்த்து ஒரு வங்கியையே அமைத்துள்ளார். 2012இல் மோரிஸ் பிராணிகள் நிதியம் தொடங்கிய ஆராய்ச்சியில் 3,000க்கு மேற்பட்ட கோல்டன் ரிட்ரீவர் நாய்கள் சேர்க்கப்பட்டன. அந்நாய்களை ஆண்டுதோறும் வைத்தியரிடம் அழைத்துச் சென்று இரத்தமும் சிறுநீரும் உரோமமும் நகத்துண்டும் கொடுத்து வருவோர் அவற்றின் உரிமையாளரே. அச்சாதியை வாட்டும் புற்றுநோயின் காரணத்தை அறிவதே அதன் முதல் நோக்கம்.

இவ்வாராய்ச்சிகளின் பயன் ஏட்டோடு நின்றுவிடவில்லை. கொலி என்னும் ஆட்டு நாய்கள் சிலவற்றுக்கு ஐவர்மெக்டின் மருந்து கொடுத்தவுடன் அவை தள்ளாடி, மயங்கி, சிலவேளை இறந்தும் போயின. மற்ற நாய்களுக்குச் சொறிக்கும் புழுக்களுக்கும் தீங்கின்றிக் கொடுக்கப்படும் மருந்து அது. 2001இல் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கத்ரீனா மீலி என்னும் பெண் வைத்தியரின் குழுவினர் இதன் காரணத்தைக் கண்டனர். மருந்து மூளைக்குள் புகாமல் வெளித்தள்ளும் வாயிற்காவலன் போன்ற ஒரு புரதம் அந்நாய்களிடம் பழுதுற்றிருந்தது. பரம்பரை நூலில் நான்கே எழுத்துக்கள் விடுபட்டமையால் வந்த வினை அது. இன்று ஊசி போடுமுன்னரே சோதித்து அறியலாம்.

லாப்ரடோர் நாயின் ஓயாப் பசியையும் கூற வேண்டும். "எவ்வளவு போட்டாலும் இன்னும் கேட்கிறது, கண்டவற்றையெல்லாம் தின்கிறது" என்று அதனை வளர்ப்போர் முறையிடுவர். அயலாரோ, "நீங்கள் கொடுத்துக் கெடுத்துவிட்டீர்கள்" என்பர். 2016இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எலெனர் ரஃபான் குழுவினர், வீட்டுக்காரர் வழங்கிய மாதிரிகளைக் கொண்டு, வயிறு நிறைந்தது என்று மூளைக்கு உணர்த்தும் பரம்பரையலகில் பிழை இருப்பதைக் கண்டனர். பிரித்தானிய லாப்ரடோர்களில் ஏறத்தாழ நான்கில் ஒன்று அப்பிழையைச் சுமக்கின்றது. அளவறிந்து உணவிடுவது வளர்ப்போர் பொறுப்பே. எனினும், பசியை அடக்க முடியாத பிராணியைப் பேராசை பிடித்ததென்று ஏசுவதை இனி விட்டுவிடலாமன்றோ?

நாய்க்குக் கிடைத்த ஒளி மனிதனுக்கும் கிடைத்தது

1980களின் இறுதியில் சுவீடன் நாட்டில் பிரியார் என்னும் பிரெஞ்சு ஆட்டு நாய்ச் சாதியிற் பார்வையற்ற நாய்கள் கண்டறியப்பட்டன. ஆராய்ந்து சென்றபோது, விழித்திரைக்கு இன்றியமையாத ஒரு பரம்பரையலகின் பழுதே காரணம் எனத் தெரிந்தது. அதே பரம்பரையலகு பழுதுறும்போது மனிதக் குழந்தைகளும் பிறவியிலேயே பார்வை குன்றி, வளர வளர இருளில் ஆழ்கின்றனர். அமெரிக்க ஆராய்ச்சியாளர் அச்சாதியிற் பிறந்த லான்சலொட் உட்பட மூன்று நாய்களின் கண்ணுக்குள் நலமான பரம்பரையலகைச் செலுத்தினர். 2001இல் அதன் வெற்றி உலகுக்கு அறிவிக்கப்பட்டது. குருடாகப் பிறந்த லான்சலொட் தடைகளைக் கண்டு விலகி நடந்தது. அவ்வழியே மனிதருக்கும் சிகிச்சை உருவாகி, 2017 டிசம்பரில் ஐக்கிய அமெரிக்க அரசின் அங்கீகாரம் பெற்றது. பார்வை குன்றிய பிள்ளைகள் சிலர் இன்று மங்கிய ஒளியிலும் வழி கண்டு நடக்கின்றனர்.

வேறு சில எடுத்துக்காட்டுகளும் உண்டு. மகிழ்ச்சியான வேளையில் திடீரெனக் கால் மடிந்து உறங்கி விழும் டொபர்மன் நாய்களை ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் எம்மானுவல் மின்யோ பல ஆண்டுகள் ஆராய்ந்து, 1999இல் அதன் காரணத்தைக் கண்டார். மனிதரிடையே காணப்படும் அத்தகைய உறக்க நோயை விளங்கிக்கொள்ள அது வழிகாட்டியது. முதிய அல்சேஷன் நாய்களின் பின்னங்கால்களைச் செயலிழக்கச் செய்யும் முள்ளந்தண்டு நோய்க்குத் தொடர்புடைய பரம்பரையலகு 2009இல் அறியப்பட்டது. மனிதரைப் படிப்படியாக முடக்கும் நரம்பு நோய் ஒன்றின் சில வகைகளுக்கும் அதே பரம்பரையலகே காரணம். நாய்களிடம் அறியப்பட்டுள்ள பரம்பரைக் குணங்களும் நோய்களும் எழுநூறுக்கு மேற்பட்டவை. அவற்றுட் பல மனிதருக்கும் உரியவை.

கொடுப்போர் மனநிலை

இவ்வளவு நன்மை விளையுமாயின் எல்லோரும் மனமுவந்து கொடுப்பார்கள் என்று நினைக்கலாம். நடைமுறை அவ்வளவு எளிதன்று. கண்ணிழந்த நாயின் இரத்தத்தைக் கொடுப்பவர், அதனால் தம் நாயின் கண் திரும்பாது என்று அறிந்தே கொடுக்கிறார். பரம்பரையலகுப் பிழையைக் கண்டுபிடிக்கப் பல ஆண்டுகள் செல்லும். முடிவு வெளியாகும் நாளில் அந்த நாய் உயிரோடிருப்பது அரிது. இன்னும் பிறவாத, தாம் ஒருபோதும் காணப்போகாத குட்டிகளுக்காகவே அவர் கொடுக்கிறார்.

அச்சத்தினாலும் சிலர் ஒளிக்கின்றனர். குட்டி விற்றுப் பிழைப்பவர், "என் நாய் பரம்பரையில் நோய் உண்டென்று தெரிந்தால் இனி யார் வாங்குவார்?" என்று அஞ்சுகிறார். இது நாய் வளர்ப்போருக்கு மாத்திரம் உரிய இயல்பன்று. பெண்ணுக்கு வரன் பார்க்கும்போது சித்தப்பாவின் வலிப்பு நோயை மறைக்கும் குடும்பங்கள் நம்மிடையே இல்லையா? மறைத்த நோய் ஒழிவதில்லை. அடுத்த தலைமுறையில் வேறொரு வீட்டுக் கூடத்தில் வெளிப்படும். இதனை உணர்ந்தே ஆராய்ச்சி நிலையங்கள் கொடுப்போரின் பெயரை வெளியிடாது காக்கின்றன. உரிமையாளரின் எழுத்துமூலமான சம்மதமின்றி மாதிரியை ஏற்பதுமில்லை.

சம்மதம் உரிமையாளருடையது, ஊசி குத்துவதோ நாயின் காலில். வாயில்லாப் பிராணியிடம் கேளாமல் எடுப்பது முறையா என்று வினவுவோர் உண்டு. அவ்வினா மதிக்கத்தக்கதே. முன்னாளில் இத்தகைய ஆராய்ச்சிக்கென நோயுள்ள நாய்களைச் சேர்த்துக் கூண்டுகளில் குட்டி போட வைத்தனர். நாம் மேலே கூறிய லான்சலொட்டும் ஆராய்ச்சிக் கூடத்தில் வளர்ந்ததே. வீட்டில் அன்போடு வளரும் ஆயிரம் நாய்கள் ஆளுக்கொரு துளி கொடுக்கும்போது, கூண்டில் வாழ வேண்டிய நாய்களின் தேவை குறைகின்றது. கன்னத்தைத் தடவி எடுக்கும் மாதிரிக்கு ஊசியும் வேண்டியதில்லை. இதுவே அவ்வினாவுக்கு நாம் கூறக்கூடிய நேர்மையான விடை.

சோதனையின் முடிவை அறிந்த பின் நேரும் தவறு ஒன்றும் உண்டு. பழுதை மறைத்துச் சுமக்கும் நாய்களையெல்லாம் ஒதுக்கிவிட்டால், எஞ்சிய சில நாய்களுக்குள்ளேயே மீண்டும் உறவு நெருங்கி, வேறொரு நோய் தலைதூக்கும். சுமக்கும் நாயை, அப்பழுதில்லாத நாயுடன் சேர்த்தால் குட்டிகளில் ஒன்றேனும் அந்நோயால் வாடாது. நல்ல குணமுள்ள நாயை இழக்காமலே நோயைக் குறைக்க இது வழி.

தூய்மை என்னும் பிடிவாதம் எவ்வளவு காலம் மனிதரை ஆட்டி வைக்கும் என்பதற்கு டல்மேஷியன் நாயின் வரலாறு சான்று. அச்சாதி முழுவதும் யூரிக் அமிலம் மிகுந்து சிறுநீர்க் கல்லால் துன்புற்றது. 1973இல் அமெரிக்காவில் ரொபேர்ட் ஷைபிள் என்னும் அறிஞர் ஒரே ஒரு முறை பொயின்ரர் சாதி நாயைக் கலந்து, பின்னர் தலைமுறை தலைமுறையாக டல்மேஷியனோடே சேர்த்து, புள்ளியும் அழகும் குன்றாமல் அக்குறை நீங்கிய நாய்களைப் பெற்றார். 2008இல் காரணமான பரம்பரையலகும் கண்டுபிடிக்கப்பட்டது. ஆயினும் அமெரிக்க நாய்க் கழகம் அந்நாய்களைத் தயக்கமின்றிப் பதிவேட்டில் ஏற்றது 2011இலேதான். முப்பத்தெட்டு ஆண்டுகள் ஒரு பெயருக்காகக் கழிந்தன.

இராசபாளையமும் லயத்து டைகரும்

நம் முன்னோர் கடல் கடந்து வந்த தென்பாண்டிச் சீமையிலும் சாதி நாய்களுக்குக் குறைவில்லை. பாலைப் போல் வெண்ணிறமும் இளஞ்சிவப்பு மூக்கும் கொண்ட இராசபாளையம், மெலிந்த உடலும் விரைந்த ஓட்டமும் உடைய சிப்பிப்பாறை, காவலுக்குப் பெயர் பெற்ற கோம்பை ஆகியன அங்குள்ளோரின் பெருமை. இராசபாளையம் நாய்க்கு 2005இல் இந்திய அஞ்சல் துறை முத்திரை வெளியிட்டுச் சிறப்புச் செய்தது. இராசபாளையம், சிப்பிப்பாறை, கருநாடகத்து முதோல் ஆகிய மூன்றையும் கர்னாலிலுள்ள தேசிய நிலையம் அண்மைக் காலத்தில் இந்திய நாய் இனங்களாகப் பதிவு செய்தது.

அவ்வெண்மைக்கும் ஒரு விலை உண்டு. இராசபாளையம் குட்டிகளிற் சில பிறவிச் செவிடாயிருப்பதை வளர்ப்போர் நெடுங்காலமாக அறிவர். டல்மேஷியனிலும் இக்குறை உண்டு. உடலுக்கு நிறம் தரும் கலங்களே உட்செவியிலும் அமைந்து கேள்விப்புலன் வளரத் துணை செய்கின்றன. நிறக்கலங்கள் குன்றிய இடத்தில் உரோமம் வெண்மையாகின்றது; உட்செவியிலும் அவை குன்றினால் செவி அடைபடுகின்றது. வெண்மையே வேண்டுமென்று தேர்ந்து தேர்ந்து குட்டி பெறுவோர், தம்மை அறியாமலே செவிட்டையும் தேர்ந்துவிடுகின்றனர். இந்நாட்டினங்களை வளர்க்கும் குடும்பங்கள் செவிட்டுக் குட்டியை மறைத்து அப்புறப்படுத்தாமல் வைத்தியரிடம் காட்டி, அதன் மாதிரியும் உடன்பிறந்த குட்டிகளின் மாதிரியும் ஆராய்ச்சிக்குக் கிடைக்கச் செய்தால், மேனாட்டுச் சாதிகளுக்குக் கிடைத்த பயன் இவற்றுக்கும் கிடைக்கும்.

லயத்து டைகருக்கு இதில் இடமுண்டா என்று கேட்கலாம். தாராளமாக உண்டு. 2015இல் கோர்னெல் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட ஆராய்ச்சியில் 161 சாதிகளைச் சேர்ந்த 4,676 நாய்களோடு, 38 நாடுகளின் 549 ஊர் நாய்களும் இடம்பெற்றன. சாதி நாய்களிடம் இழந்துபோன பரம்பரை வேறுபாடுகள் ஊர் நாய்களிடம் இன்னும் நிறைந்துள்ளன. நாயினத்தின் பூர்வீகத்தைத் தேடுவோருக்கும் அவையே துணை. ஊர் நாய் நோயற்றது என்று எண்ணுவதும் சரியன்று. ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட நாய்களைச் சோதித்து 2018இல் வெளியான ஆய்வொன்றில், ஐந்து நாய்களில் ஏறத்தாழ இரண்டு ஏதேனுமொரு பரம்பரைப் பழுதைச் சுமப்பது தெரியவந்தது. கலப்பு நாய்களும் சுமக்கின்றன. ஆனால் ஒரே பழுது இருபுறமிருந்தும் வந்து சேர்வது அவற்றிடம் அரிதாதலால் நோய் வெளிப்படுவது குறைவு.

இக்கணக்கைக் கண்டபோது நம் குடும்பங்களும் நினைவுக்கு வராமற் போகா. மாமன் மகளையும் அத்தை மகனையும் முறையென்று கொள்வது நம் வழக்கம். உறவில் மணந்தோர் எல்லோர்க்கும் நோயுற்ற பிள்ளை பிறக்கும் என்று கூறுவது தவறு. பெரும்பாலோர்க்கு நலமான பிள்ளைகளே பிறக்கின்றனர். எனினும் மறைந்திருக்கும் ஒரே பழுது இரு பக்கமும் இருந்து சந்திக்கும் வாய்ப்பு அங்கே சற்று மிகுதி என்பது உண்மை. நம் நாட்டில் குருநாகலில் தனி நிலையமே வைத்துச் சிகிச்சை செய்யப்படும் தலசீமியா என்னும் இரத்த நோய்க்கும் நாம் மேலே சொன்ன நான்கில் ஒன்று என்ற கணக்கே பொருந்தும். மணத்துக்கு முன் ஓர் இரத்தச் சோதனை செய்துகொள்வது யாருக்கும் இழிவன்று.

நாம் செய்யத்தக்கவை

மாதிரி எடுப்பதில் பெரிய வித்தை ஒன்றுமில்லை. எனினும் சில விதிகளைக் காக்க வேண்டும். நாய்க்கு உணவு கொடுத்து ஒரு மணி நேரமேனும் கழிந்த பின்னரே கன்னத்தின் உட்புறத்தைச் சிறு தூரிகையால் அரை நிமிடம் அளவு தேய்த்து எடுக்க வேண்டும். ஒரே பாத்திரத்தில் நீர் குடிக்கும் இரு நாய்களைச் சிறிது நேரம் பிரித்து வைப்பது நல்லது. பால் குடிக்கும் குட்டியின் வாயில் தாயின் கலங்களும் கலந்திருக்கக்கூடும். ஆகவே அதனைத் தாயிடமிருந்து சற்று விலக்கி வைத்த பின்னரே எடுக்க வேண்டும். தூரிகையை ஈரம் உலர்ந்த பின் உறையிலிடுவர். இறம்பொடை போன்ற மழையும் மூடுபனியும் மிகுந்த இடங்களில் இதனைச் சிறப்பாகக் கவனிக்க வேண்டும். இரத்தமாயின் மிருக வைத்தியரே எடுப்பார். சில மில்லி லீற்றரே போதும்.

மாதிரியிலும் பெறுமதியானது அதனோடு அனுப்பும் செய்தி. நாயின் பிறந்த நாள், பெற்றோர், நோய் தொடங்கிய வயது, வைத்தியரின் சான்று ஆகியன இல்லாவிடில் அந்த இரத்தம் பேசாது. நோயுற்ற நாயின் மாதிரியைப் போலவே, அதே சாதியைச் சேர்ந்த நலமான முதிய நாயின் மாதிரியும் வேண்டும். பத்து வயதிலும் கண் தெளிவாக உள்ள நாயே, கண்ணிழந்த நாயின் பிழையைச் சுட்டிக் காட்டும் அளவுகோல். ஆகவே, "என் நாய்க்கு ஒரு குறையுமில்லை, அதனிடம் என்ன கேட்கப் போகிறார்கள்?" என்று எண்ண வேண்டாம். மாதிரி கொடுத்த பின் நாய் நோயுற்றால் அதனையும் ஆராய்ச்சியாளருக்கு அறிவிக்க வேண்டும். நலமான நாய் என்று குறித்து வைத்த கணக்கு பிழைபடாதிருக்க அது உதவும்.

சாதிக் குட்டி வாங்க விரும்பும் குடும்பத்தார் விலையை மட்டும் பேசி முடிக்காமல், தாய் நாயை நேரிற் பார்க்க வேண்டும். பெற்றோர் இரண்டுக்கும் கண், இடுப்பு, செவி ஆகியன சோதிக்கப்பட்டனவா என்று கேட்க வேண்டும். வெள்ளைக் குட்டியாயின் அதன் பின்புறம் நின்று கைதட்டிப் பார்க்கலாம். ஒரு செவி கேட்டாலும் குட்டி திரும்பிவிடுமாதலால், ஐயம் நீங்க வைத்தியரிடம் காட்டுவதே தகும். பரம்பரை நோய் வெளிப்பட்ட நாயைக் குட்டி போடச் செய்யாதிருப்பது வளர்ப்போர் கடமை. அது நாயை வெறுப்பதாகாது. அந்நாயை இறுதிவரை அன்போடு காப்பதற்கு அது தடையுமன்று.

இறம்பொடையிலிருந்து இதே பெருந்தெருவில் கீழ்நோக்கிச் சென்றால், தெரு தொடங்கும் இடமான பேராதனையில் நம் நாட்டுப் பல்கலைக்கழகத்தின் மிருக வைத்திய பீடமும் அதன் போதனா வைத்தியசாலையும் உள்ளன. அங்கே நாயைக் கொண்டு செல்வோர், மருந்து வாங்கித் திரும்புவதோடு நில்லாது, நோயின் பெயரைக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்வது நன்று. விசர்நாய்த் தடுப்பூசி போட்ட நாளைக் குறித்து வைக்கும் அட்டையைப் போலவே இதற்கும் ஒரு கொப்பி இருக்கட்டும். நாயின் பெயர், பிறந்த மாதம், தாய் தகப்பன் தெரிந்தால் அவற்றின் பெயர், வந்த நோய், வந்த வயது, இறந்த காரணம் ஆகியவற்றை அதில் எழுதி வருவோம். நாளைக்கு எவரேனும் ஒரு விஞ்ஞானி வந்து கேட்கும்போது, நம் டைகரும் ஜிம்மியும் வெறுங்கையோடு நில்லா.